வீட்டில் செய்த போக்கர் மேசை: எந்த அறிகுறிக்கு எங்கே கை வைப்பது

போக்கர் என்ற சீட்டாட்டத்துக்கு, சின்ன அறைக்கு ஏற்ற மேசையை ஒரே ஒரு பிளைவுட் பலகையில் செய்துவிடலாம். 8 அடிக்கு 4 அடி, 12 மி.மீ. கனம். குறுக்கே நடுவில் அறுத்தால் 4 அடிச் சதுரம் இரண்டு. மூலைகளை வெட்டினால் இரண்டு எண்கோணம். ஒன்று அடிப்பலகை. மற்றதன் ஓரத்திலிருந்து 10 செ.மீ. அகலத்துக்கு ஒரு வளையத்தை அறுத்தெடுத்தால் அது கை வைக்கும் ஓரச்சட்டம். நடுவில் மிஞ்சுவது ஆட்டப்பலகை. ஆட்டப்பலகைக்கு மெல்லிய ஃபோமும் துணியும், ஓரச்சட்டத்துக்குத் தடித்த ஃபோமும் ரெக்சினும், கீழே மடக்குக் கால்கள். இதுதான் செலவு குறைந்த வழி. நானும் இப்படித்தான் செய்தேன். கீழே வரும் கோளாறுகளில் பாதியை என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன்.

எதையும் கழற்றுவதற்கு முன் ஒன்றை மனதில் வையுங்கள். இந்த மேசையில் கோளாறு தெரியும் இடம் ஒன்று, கோளாறு இருக்கும் இடம் வேறு. துணியில் தெரியும் மேடு பலகையில் இருக்கும். கால் ஆடுவதுபோல் தெரிவது பலகைக்கு அடியில் இருக்கும் ஸ்க்ரூவில் இருக்கும். ஆகவே ஒவ்வொரு அறிகுறிக்கும் முதலில் ஒரு சோதனை, அப்புறம்தான் ஸ்க்ரூ டிரைவர்.

மேசை ஆடுகிறது

முதலில் தரையைச் சந்தேகப்படுங்கள். மேசையை இருக்கும் இடத்திலேயே சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டே போய், ஒரு வட்டத்தில் நான்கில் ஒரு பங்கு திருப்புங்கள். திருப்பும்போது வேறொரு கால் தூக்கிக்கொண்டாலோ, ஆட்டம் நின்றுபோனாலோ குற்றம் தரையுடையது. எவ்வளவு திருப்பினாலும் அதே காலும் அதன் எதிர்க்காலும்தான் மாறி மாறி அந்தரத்தில் நிற்கின்றன என்றால் மேசையைப் பார்க்க வேண்டும்.

இதில் ஓர் அழகான கணித உண்மை இருக்கிறது. சம உயரக் கால்கள் சதுரமாக அமைந்த மேசையை, படியோ வெடிப்போ இல்லாமல் மெதுவாக ஏறி இறங்கும் தரையில் வைத்தால், வட்டத்தில் நான்கில் ஒரு பங்குக்குள் திருப்பி ஏதாவது ஓரிடத்தில் நான்கு காலும் தரையில் படியும்படி நிறுத்திவிட முடியும். நிரூபிக்கப்பட்ட விஷயம் இது. மேசை மட்டமாக நிற்கும் என்று இதற்கு அர்த்தமில்லை, ஆடாமல் நிற்கும். அட்டையை மடித்துக் காலுக்கு அடியில் செருகுவதற்கு முன் இதை ஒருமுறை செய்து பாருங்கள். ஆடாத இடம் கிடைத்ததும் தரையில் கால் படும் இடங்களைச் சுற்றிப் பென்சிலால் லேசாகக் குறித்துவிட்டால், அடுத்த முறை மேசையை விரிக்கும்போது தேட வேண்டியதில்லை.

தரை சரி, மேசைதான் ஆடுகிறது என்று தெரிந்தால் அடுத்த சோதனை விரலால். காலைப் பலகையோடு பூட்டும் இரும்பு பிளேட்டும் பலகையும் சேரும் கோட்டில் ஆள்காட்டி விரல் நுனியைப் பாதி பிளேட்டின் மேலும் பாதி மரத்தின் மேலும் படும்படி வையுங்கள். இன்னொருவரை மேலே பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். பிளேட் மரத்தைவிட்டு அரை மி.மீ. விலகினாலும் விரலுக்கு அது தெரிந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. நான்கு காலிலும் இப்படிச் செய்தால் குற்றவாளி யார் என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: 12 மி.மீ. பலகையில் ஸ்க்ரூ கடித்துக்கொள்ள மரம் போதவில்லை. மேலே குத்தி வெளியே வந்துவிடும் என்ற பயத்தில் 10 மி.மீ. ஸ்க்ரூ போட்டிருப்போம். நாலு முறை மடக்கி விரித்ததும் அது துளையைப் பெரிதாக்கிவிடும். துளை கொஞ்சமாகத்தான் தளர்ந்திருக்கிறது என்றால், மரப்பசையில் தோய்த்த பல்குச்சிகளைத் துளை நிறையச் செருகி, இரவு முழுதும் காயவிட்டு, பலகை மட்டத்துக்கு வெட்டிவிட்டு அதே ஸ்க்ரூவைத் திரும்ப முடுக்கினால் பிடித்துக்கொள்ளும். ஆனால் இது ஒருமுறைக்கான மருந்து. நிலையாகத் தீர வேண்டுமென்றால் ஒவ்வொரு கால் வரும் இடத்திலும் 15 செ.மீ. சதுரமாக, 18 மி.மீ. கனத்தில் ஒரு மரத்துண்டைப் பசை தடவிப் பலகையின் அடிப்புறத்தில் ஒட்டி ஸ்க்ரூவும் போடுங்கள். கால் அந்தத் துண்டில் உட்காரட்டும். இப்போது 25 மி.மீ. ஸ்க்ரூ தாராளமாகப் போடலாம்.

எம்.டி.எஃப்., அதாவது மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் பலகையில் செய்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் விளிம்பில், அதாவது கனத்தின் பக்கமாக, ஸ்க்ரூ போட்டால் பலகை இரண்டாகப் பிளந்துகொள்ளும். அப்படிப் போட்ட கால் எப்போதும் தளரும். அதைச் சரிசெய்ய நேரம் செலவழிக்காதீர்கள், காலை அடிப்புறத்துக்கு மாற்றுங்கள்.

பிளேட் எதுவும் அசையவில்லை, ஆனாலும் மேசை மொத்தமாகப் பக்கவாட்டில் சாய்ந்து நிமிர்கிறது என்றால் அது வேறு நோய். நான்கு பக்கச் சட்டம் நசுங்கி இணைகரமாகிறது. எத்தனை ஸ்க்ரூ கூட்டினாலும் இது நிற்காது. காலுக்கும் பலகைக்கும் நடுவில் மூலைவிட்டமாக ஒரு ரீப்பர் கட்டை அடித்தால் உடனே நின்றுவிடும். முக்கோணத்தை நசுக்க முடியாது. மடக்குக் கால் என்றால் கட்டையின் ஒரு முனையில் போல்ட்டும் கையால் முடுக்கும் இறக்கை நட்டும் வைத்துக்கொண்டால், மடக்கும்போது கழற்றிவிடலாம்.

ஓரத்தில் கை ஊன்றினால் எதிர்ப்பக்கம் தூக்குகிறது

இது ஆட்டம் இல்லை, கவிழ்வு. ஆபத்தானது, முதலில் சரிசெய்ய வேண்டியது. பந்தயத்துக்கு வைக்கும் வட்ட வில்லைகளான சிப் அடுக்குகள் சரிவது போகட்டும், 20 கிலோ மேசை யாருடைய கால்மீதும் விழக் கூடாது.

காரணம் கால்கள் உள்ளடங்கி இருப்பது. முழங்காலுக்கு இடம் வேண்டுமே என்று கால்களை நடுப்பக்கமாகத் தள்ளி வைத்திருப்போம். கணக்குப் போட்டுப் பார்த்தால் எவ்வளவு வித்தியாசம் என்று புரியும். மேசை 122 செ.மீ. அகலம், எடை 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கால்களுக்கு இடையே 70 செ.மீ. என்றால் பலகை ஒவ்வொரு பக்கமும் 26 செ.மீ. வெளியே நீண்டிருக்கும். மேசையின் எடை கால் கோட்டிலிருந்து 35 செ.மீ. உள்ளே விழுகிறது. 20-ஐ 35-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்தால் சுமார் 27. ஓரத்தில் 27 கிலோ அழுத்தம் விழுந்தால் மேசை கிளம்பிவிடும். நாற்காலியிலிருந்து எழும்போது இரண்டு கையையும் ஊன்றும் பெரியவர் ஒருவர் அந்த அழுத்தத்தை எளிதாகக் கொடுத்துவிடுவார்.

கால் இடைவெளியை 85 செ.மீ. ஆக்குங்கள். வெளியே நீள்வது 18.5 செ.மீ., எடை விழுவது 42.5 செ.மீ. உள்ளே. இப்போது கிளப்ப சுமார் 46 கிலோ வேண்டும். 15 செ.மீ. தள்ளி வைத்ததற்குக் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மடங்கு பலன்.

முழங்கால் என்ன ஆவது? கால்களை எண்கோணத்தின் மூலைகளுக்கு நேராக வையுங்கள். ஆட்கள் உட்காருவது பக்கங்களின் நடுவில். மூலையில் யாருடைய முழங்காலும் வராது.

துணி சுருங்குகிறது, அலை அடிக்கிறது

சுருக்கம் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். மூலையிலிருந்து நடுவை நோக்கி விசிறிபோல் விரிந்தால், மூலையை முதலில் ஸ்டேப்பிள் அடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். ஒரு பக்கத்துக்கு இணையாக நீளமாக ஓடினால் எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இழுபடவில்லை. சில நாள் கழித்துத் திட்டுத் திட்டாகக் குமிழி வந்தால் ஒட்டுப்பசையின் வேலை. மூன்றுக்கும் மருந்து வேறு.

முதல் இரண்டுக்கும் ஸ்டேப்பிள்களைப் பிடுங்கித் திரும்ப அடிப்பதுதான் வழி. ஒழுங்காகச் செய்தால் முக்கால் மணி நேர வேலை. துணியை முந்தின இரவே விரித்துப் போட்டுவிடுங்கள், மடிப்புக் கோடுகள் தளரட்டும். மிச்சமிருக்கும் கோட்டை, மேலே வேறொரு பருத்தித் துணி போட்டு, இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் வைத்து எடுக்கலாம். பாலியஸ்டர் நேரடிச் சூட்டில் இளகிப் பளபளப்பு அடிக்கும், அந்தத் தடம் போகவே போகாது.

பலகையைக் கவிழ்த்துத் துணிமேல் வையுங்கள். ஒரு பக்கத்தின் நடுவில் ஒரு ஸ்டேப்பிள். அதற்கு நேர் எதிர்ப்பக்கம் போய், துணியைக் கைமடக்கில் பிடித்து, பின்னல் நூல் நேராக இருக்கும் அளவுக்கு இழுத்து இன்னொன்று. அப்புறம் குறுக்கே உள்ள இரண்டு பக்கம். அப்புறம் மிச்சமுள்ள நான்கு பக்கத்தின் நடுக்கள், அவையும் எதிரெதிராக. வண்டிச் சக்கரத்தின் நட்டுகளை முடுக்கும் அதே முறைதான். எட்டு நடுவும் முடிந்தபின் ஒவ்வொரு பக்கத்திலும் நடுவிலிருந்து மூலையை நோக்கி 5 செ.மீ. இடைவெளியில் அடித்துக்கொண்டு போங்கள். மூலை கடைசி. எண்கோணத்தின் மூலை 135 பாகை, விரிந்த மூலை. ஒரே மடிப்பில் அடங்கிவிடும். வட்ட மேசைக்கு இந்த வசதி இல்லை. அங்கே அடிப்புறம் மடங்கும் துணியில் முக்கோணமாக வெட்டுகள் கொடுக்க வேண்டும், வெட்டு பலகை விளிம்புக்கு 1 செ.மீ. முன்பே நின்றுவிட வேண்டும்.

இழுக்கும் அளவு பற்றி ஒன்று. விறைப்பாக இருந்தால் நல்லது என்று பலத்தையெல்லாம் காட்டாதீர்கள். நான்கு பக்கமும் நீளும் துணியை அப்படி இழுத்தால் சில இடங்களில் மெலிந்து அடியிலிருக்கும் ஃபோமின் நிறம் தெரியும். உள்ளங்கையை வைத்துத் தள்ளினால் துணி அலையாமல் இருக்க வேண்டும். அது போதும்.

குமிழிக்கு வருவோம். துணியையும் ஃபோமையும் ஒட்டியவர்களுக்குத்தான் இது வரும். பசை ஓரிடத்தில் பிடித்து ஓரிடத்தில் விட்டுவிடுகிறது. கிட்டத்தில் வைத்து ஸ்ப்ரே அடித்திருந்தால் பசை ஊறித் துணியில் கறுப்புத் திட்டும் தெரியும். துணியை ஒட்டவே வேண்டாம் என்பது என் முடிவு. ஃபோமைப் பலகையில் ஒட்டுங்கள், துணியை ஸ்டேப்பிள் மட்டும் பிடித்துக்கொள்ளட்டும். துணி பழையதாகும்போது ஃபோம் கிழியாமல் மாற்றிவிடலாம். செலவைக் குறைக்க ஃபோமுக்குப் பதில் தெர்மாகோல் தாள் வைக்கும் எண்ணமிருந்தால் விட்டுவிடுங்கள். கரைப்பான் கலந்த ஒட்டுப்பசை பட்டால் தெர்மாகோல் கண்ணெதிரே கரைந்து குழியாகிவிடும்.

துணி மட்டமாகத்தான் இருக்கிறது, கையால் தடவினால் ஒரு பொருக்கு மட்டும் தட்டுப்படுகிறது என்றால் துணியைக் குறை சொல்லாதீர்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை மேசை மட்டத்தில் படுக்க வைத்து அடியுங்கள். சாய்ந்து விழும் வெளிச்சத்தில் அரை மி.மீ. மேடும் நிழல் விடும். அடியில் ஸ்க்ரூ தலை, மரத்தூள், காய்ந்த பசைக்கட்டி ஏதாவது இருக்கும். ஃபோம் ஒட்டுவதற்கு முன் பலகைக்கு இந்த டார்ச் சோதனையைச் செய்து, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டிருந்தால் பிறகு பிரிக்க வேண்டி வராது.

சீட்டு வழுக்கவில்லை, அல்லது எடுக்க வரவில்லை

இரண்டும் ஒரே குறைபோலத் தோன்றும், இல்லை. வழுக்காததற்குத் துணி காரணம். எடுக்க வராததற்கு ஃபோம் காரணம்.

ஒரு சீட்டை மேசையோடு ஒட்டினாற்போல் எதிராளியை நோக்கி வீசுங்கள். வழக்கமான விசையில் அரை மீட்டராவது போக வேண்டும். பாதியில் பிரேக் போட்டதுபோல் நின்றால் துணியின் மேல் மயிர்ப்பு அதிகம். வெல்வெட் போன்றவையும் மலிவான அக்ரிலிக் ஃபெல்ட்டும் இப்படித்தான். ஃபெல்ட் கொஞ்ச நாளில் உருண்டை உருண்டையாகத் திரண்டும் கொள்ளும். போக்கர் மேசைகளுக்கென்றே நெய்யப்படும் பாலியஸ்டர் துணி, ஸ்பீடு கிளாத், இதற்கு நேர் மாறு: இறுக்கமான நெசவு, மயிர்ப்பு இல்லை, தண்ணீர் கொட்டினால் சற்று நேரம் முத்தாக நிற்கும். மேசைக்கு ஆகும் செலவில் எதையாவது சற்றுத் தாராளமாக வாங்கலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். பலகையில் மிச்சம் பிடிப்பது யாருக்கும் தெரியாது, துணியில் மிச்சம் பிடித்தது ஒவ்வொரு சீட்டிலும் தெரியும். வாங்கும் முன் துணியின் ஒரு துண்டைத் தட்டையான பரப்பில் விரித்து, உங்கள் சீட்டுக்கட்டையே கொண்டுபோய் வீசிப் பாருங்கள். முழுப் பிளாஸ்டிக் சீட்டு காகிதச் சீட்டைவிட நன்றாக வழுக்கும். ஆகவே வேறொருவர் சீட்டில் சோதித்துப் பயனில்லை.

ஏற்கெனவே ஃபெல்ட் அடித்துவிட்டீர்களா? முடியைச் சுரண்டும் சிறு மெஷின் துணிக்கு உண்டு. அதை ஒரே திசையில் ஓட்டினால் கொஞ்சம் முன்னேற்றம் தெரியும்.

சீட்டு வழுக்காமல் பறக்கிறது, ஓரச்சட்டத்தைத் தாண்டி விழுகிறது என்றால் துணியை விட்டுவிட்டுச் சீட்டைப் பாருங்கள். கலைத்துக் கலைத்து வில்லாக வளைந்த சீட்டு காற்றை ஏந்திக்கொள்ளும்.

இனி எடுப்பது. மேசைமேல் கிடக்கும் சீட்டின் ஒரு மூலையைப் பெருவிரலால் அழுத்துங்கள். அடியில் சரியான ஃபோம் இருந்தால் அழுத்திய மூலை துளி அமிழும், எதிர் விளிம்பு நகம் நுழையும் அளவுக்குக் கிளம்பும். இந்தச் சிறு கிளம்பல்தான் ஃபோம் வைப்பதன் முழு நோக்கம். வெறும் பலகைமேல் துணி போட்டால் இது நடக்காது. நகத்தால் கிள்ளிக் கிள்ளிச் சீட்டின் ஓரம் கெட்டுவிடும், ஓரம் கெட்ட சீட்டு அடையாளம் காட்டிக்கொடுக்கும். 3 முதல் 6 மி.மீ. போதும். தண்ணீர் உறிஞ்சாத மூடிய கண்ணறை ஃபோமாக இருக்க வேண்டும். பழைய யோகா பாய், மேல்பரப்பில் வரி இல்லாததாக இருந்தால், அருமையாகப் பொருந்தும். மெத்தையில் வைக்கும் ஸ்பாஞ்சு வேண்டாம், ஏன் என்று அடுத்து வருகிறது.

சிப் அடுக்கு சாய்கிறது

20 சிப்பை அடுக்கினால் ஆறரை செ.மீ.க்கு மேல் உயரம், அடி 4 செ.மீ.க்குள். அடி துளி சாய்ந்தாலும் தலை ஆடும். ஒரு கோலிக்குண்டைத் துணிமேல் வைத்துப் பாருங்கள். எங்கே வைத்தாலும் ஒரே திசையில் உருண்டால் மேசை மட்டமில்லை, காலில் வேலை. குண்டு அசையவில்லை, ஆனாலும் பக்கத்தில் கையை வைத்ததும் அடுக்கு சாய்கிறது என்றால் ஃபோம் மிருதுவாகிவிட்டது. ஸ்பாஞ்சு வைத்த மேசைகளில் இதுதான் கதை. கை அமுக்கும் இடம் தாழ்ந்து அக்கம்பக்கமும் சேர்ந்து இழுபடும். மாற்றுவதைத் தவிர வழியில்லை.

துணி சுற்றிய பலகை வளையத்துக்குள் இறங்க மறுக்கிறது

ஆட்டப்பலகையையும் ஓரச்சட்டத்தையும் ஒரே பலகையிலிருந்து அறுத்தவர்கள் எல்லோரும் இங்கே வந்து நிற்பார்கள். வெறும் மரமாக இருந்தபோது கச்சிதமாகப் பொருந்தியது. துணி சுற்றியதும் உட்காரவில்லை. அறுத்த ஜிக்சா மின்ரம்பத்தின் பிளேடு தின்ற மரம் 1 மி.மீ. சொச்சம், உள்ளே நுழைய வேண்டிய துணியும் ரெக்சினும் அதைவிட அதிகம். சுத்தியலால் தட்டி இறக்கினால் மூலையில் துணி அறுந்துவிடும்.

முதலில் ஃபோம் விளிம்பைத் தாண்டி மடங்கியிருக்கிறதா பாருங்கள். மடங்கியிருந்தால் அதைப் பலகை விளிம்போடு சமமாக வெட்டிவிட்டாலே பலருக்குத் தீர்ந்துவிடும். அப்படியும் இறங்காவிட்டால் துணியைப் பிரித்து ஆட்டப்பலகையைச் சுற்றிலும் 3 மி.மீ., மூலைகளில் 4 மி.மீ. குறையுங்கள், அங்கே மடிப்பு தடிக்கும். இழைப்புளி இருந்தால் நல்லது, கரடான உப்புத்தாளைக் கட்டையில் சுற்றித் தேய்த்தாலும் ஆகும்.

உட்காருகிறது, ஆனால் ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது என்றால் கவிழ்த்துப் பாருங்கள், ஏதோ ஒரு ஸ்டேப்பிள் முழுதும் இறங்காமல் முதுகைத் தூக்கிக்கொண்டிருக்கும். சுத்தியலால் ஒரு தட்டு.

கைவசம் பிரித்திருக்கும்போதே அடிப்பலகையில் ஒரு விரல் நுழையும் துளை, 25 மி.மீ. அளவில், ஓரத்திற்குப் பக்கமாகப் போட்டுவிடுங்கள். கீழிருந்து விரலால் தள்ளினால் ஆட்டப்பலகை கிளம்பிவிடும். இல்லையென்றால் துணி மாற்றும் ஒவ்வொரு முறையும் கத்தி முனையால் நெம்ப வேண்டும், அந்தத் தழும்பு ரெக்சினில் நிற்கும்.

இரண்டாக மடியும் மேசையில் நடுக்கோடு இடறுகிறது

கட்டிலுக்கு அடியில் தள்ளி வைக்க வேண்டிய வீட்டில் மேசையைக் கீல் வைத்து இரண்டாக மடக்கியிருப்பீர்கள். நடுவில் சீட்டு முட்டி நிற்கிறது என்றால் இரண்டு பாதியும் ஒரே மட்டத்தில் இல்லை. கீலைப் பூட்டும்போது பலகைகளைக் காற்றில் பிடித்துக்கொண்டு ஸ்க்ரூ போட்டிருப்போம். கழற்றுங்கள். இரண்டு பாதியையும் முகம் கீழாகத் தட்டையான தரையில் படுக்கவைத்து, நெருக்கித் தள்ளி, அப்புறம் முதுகுப்பக்கம் கீலைப் பூட்டுங்கள். தரையே மட்டம் பிடித்துக்கொடுக்கும். இரண்டு மரமுளையை ஒரு பாதியின் விளிம்பில் பதித்து, எதிர்ப்பாதியில் அவற்றுக்குத் துளை போட்டால் மேடுபள்ளம் திரும்ப வராது. முளை வைத்தால் கீலைக் கழற்றிவிட்டு, பெட்டிகளில் இருக்குமே, இழுத்துப் பூட்டும் கொண்டி, அதை அடிப்புறம் இரண்டு போட வேண்டும். பாதிகள் தனித்தனியாகப் பிரியும், எடுத்து வைக்க அதுவும் வசதிதான்.

கீல் அடிப்புறம் இருக்கும் மேசைக்கு ஒரே துணியை முழுதுமாக இழுத்து மூடாதீர்கள். மடக்கும்போது மேல் விளிம்புகள் இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகும், 12 மி.மீ. பலகைக்கு 24 மி.மீ. இடைவெளி விழும். துணி ஒவ்வொரு முறையும் அவ்வளவு நீள வேண்டும், சீக்கிரம் தொய்ந்துவிடும். பாதிக்கு ஒரு துணி என்று தனித்தனியாக அடியுங்கள்.

எட்டுப் பேர் என்று செய்தேன், ஆறு பேருக்கே நெருக்குகிறது

மேசையில் பிழை இல்லை, கணக்கில் பிழை. ஓர் ஆள் முழங்கையை மடக்கி வசதியாக உட்கார 60 செ.மீ. வேண்டும். 122 செ.மீ. எண்கோணத்தின் ஒரு பக்கம் சுமார் 50 செ.மீ. எட்டுப் பேரை உட்கார வைக்க முடியும், தோள் உரசும். சுற்றளவு சுமார் 404 செ.மீ., 60-ஆல் வகுத்தால் ஆறு பேர், கொஞ்சம் மிச்சம். 106 செ.மீ. வட்டம் என்றால் ஐந்து பேர்.

பெரிய மேசை செய்தால் தீர்ந்துவிடும் என்று தோன்றும். சின்ன அறையில் மேசையைவிட அதிக இடம் பிடிப்பது நாற்காலி. உட்கார்ந்தவருக்குப் பின்னால், எழுந்து வெளியே வர, 75 செ.மீ. வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்தால் 122 செ.மீ. மேசைக்கு 272 செ.மீ. அகலமான அறை தேவை. பலகையை அறுப்பதற்கு முன்பே செய்தித்தாள்களை ஒட்டி மேசை அளவில் வெட்டித் தரையில் போட்டு, சுற்றிலும் நாற்காலி வைத்து, எல்லோரும் உட்கார்ந்து எழுந்து பாருங்கள். அரைமணி நேரம் பிடிக்கும்.

ஏற்கெனவே செய்தாகிவிட்டது, நெருக்குகிறது என்றால் ஓரச்சட்டத்தின் அகலத்தில் கை வைக்கலாம். 10 செ.மீ. வளையம் 122 செ.மீ. மேசையில் ஆட்டப்பரப்பை 102 செ.மீ. ஆக்கிவிடுகிறது. 7 செ.மீ. வளையம் போட்டால் 108. எல்லோருக்கும் பொதுவாக நடுவில் விரிக்கும் ஐந்து சீட்டுக்கு, ஒன்று 6.3 செ.மீ. அகலம், இடைவெளியோடு 35 செ.மீ. போதும். மிச்ச இடத்தில் எதிரெதிரே இருவரின் சீட்டும் சிப்பும் அடங்கும். தம்ளர் வைக்கும் குழிகளைச் சின்ன மேசையில் நான் பரிந்துரைக்கமாட்டேன். ஒவ்வொன்றும் ஓரச்சட்டத்தைத் துளைத்துப் பலவீனப்படுத்தும். இரண்டு நாற்காலிக்கு நடுவே ஒரு சின்ன முக்காலி வைத்தால் தண்ணீர் துணிப்பக்கமே வராது.

முழங்கால் இடிக்கிறது என்பவர்கள் தரையிலிருந்து பலகையின் அடிப்புறம் வரை அளந்து பாருங்கள். 62 செ.மீ.க்குக் குறைந்தால் இடிக்கத்தான் செய்யும். மேசையின் மேல்மட்டம் 74 முதல் 76 செ.மீ. இருப்பது வழக்கம், நடுவில் சட்டம் கனமாக இருந்தால் இடம் குறையும். பலகைக்கு அடியில் சட்டத்தைப் படுக்கை வாட்டில் வைத்தால் சில செ.மீ. மீளும்.

ஓரச்சட்டத்தின் ரெக்சின் மூலையில் கிழிகிறது

அடியில் மரத்தின் முனை கூர்மையாக இருக்கிறது. ரெக்சினைப் பிரித்து, மரவிளிம்பை ஒரு பென்சில் அளவுக்கு உருட்டி உப்புத்தாள் போட்டு, திரும்ப இழுத்து அடியுங்கள். குளிர்ந்த ரெக்சின் விறைப்பாக இருக்கும், தலைமுடி உலர்த்தும் கருவியால் லேசாகச் சூடேற்றினால் மூலையில் பணிந்து படியும்.

சாப்பாட்டு மேசைமேல் வைத்த பலகை நகர்கிறது

கால் இல்லாமல் பலகையை மட்டும் செய்து, இருக்கும் மேசைமேல் வைத்து ஆடுபவர்களுக்கு இது. சின்ன வீட்டுக்கு இதுவே மிக நல்ல தீர்வு என்று நினைக்கிறேன். கம்பளத்துக்கு அடியில் விரிக்கும் வலைப்பின்னல் ரப்பர் விரிப்பை இரண்டுக்கும் நடுவில் போட்டால் நகராது. கீழ் மேசையைவிடப் பலகை எந்தப் பக்கமும் 20 செ.மீ.க்கு மேல் நீளாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கவிழ்வுக் கணக்கு இங்கும் பொருந்தும்.

பக்கத்து ஆளின் சீட்டு தெரிந்துவிடுகிறது

பளபளப்பான ரெக்சினும் வார்னிஷ் ஏற்றிய ஓரமும் கண்ணாடி வேலை செய்யும். சீட்டு அவற்றுக்கு மேலே கடக்கும்போது முகம் கீழே பளிச்சிடும். மேட் ரெக்சின் வாங்குங்கள், வார்னிஷையும் மெல்லிய உப்புத்தாளால் மங்கலாக்கிவிடலாம். விளக்கு மேசைக்கு நேர் மேலே, நடுவில் இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் விளக்கு இருந்தால் அவரவர் நிழல் அவரவர் சீட்டில் விழும், உயர்த்திப் பிடிப்பார்கள், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும்.

எடுத்து வைத்த பலகை வளைந்துவிட்டது

சுவரில் சாய்த்து வைத்தீர்களா? சாய்த்த பலகை தன் எடையாலேயே வயிறு வைக்கும். அதோடு ஒரு பக்கம் துணியும் ஃபோமும் மூடியிருக்க, மறுபக்கம் வெறும் மரமாக இருந்தால், ஈரக்காற்றை ஒரு பக்கம் மட்டும் குடித்து வளையும். எம்.டி.எஃப். என்றால் அறுத்த விளிம்பு பஞ்சுபோல் ஊதவும் செய்யும்.

எப்படி வளைந்திருக்கிறது என்று நேரான ஒரு சட்டத்தைப் பலகைமேல் வைத்து வெளிச்சம் எங்கே கசிகிறது என்று பாருங்கள். 2, 3 மி.மீ. என்றால் குவிந்த பக்கம் மேலாகத் தரையில் படுக்கப்போட்டு, நடுவில் புத்தகக் கட்டு ஏற்றி ஒரு வாரம் விடுங்கள். பெரும்பாலும் படிந்துவிடும். அதற்கு மேல் என்றால் அடிப்பலகையின் அடிப்புறம், வளைவுக்குக் குறுக்காக அல்லாமல் வளைவு ஓடும் திசையிலேயே, இரண்டு ரீப்பர் கட்டைகளைச் செங்குத்தாக நிறுத்திப் பசையும் ஸ்க்ரூவும் போட வேண்டும். ஸ்க்ரூ முடுக்க முடுக்கக் கட்டை பலகையை நேராக இழுத்துவிடும். கட்டை நேராக இருக்கிறதா என்று முதலில் அதன் நீளத்தில் ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், கோணல் கட்டை பலகையையும் கோணலாக்கும்.

நிமிர்ந்தபின் மூடாத முகத்துக்கும் எல்லா விளிம்புகளுக்கும் இரண்டு கை வார்னிஷ் கொடுத்துவிடுங்கள். வைப்பதானால் கட்டிலுக்கடியில் தட்டையாக, அல்லது சுவரில் இரண்டு கொக்கி அடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடலாம், துணிப்பக்கம் சுவரை நோக்கி.